தோற்றால் பழி கோச்சுக்கா, வீரர்களுக்கா? லெஸ்டரை வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டது கால்பந்து கோச் கிளாடியோ ரனியேரியைப் பற்றி. 2016 மே மாதம் லெஸ்டர் சிட்டிக்கு இங்கிலாந்து பிரீமியர் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தவரை, பத்து மாதம்கூட முடிவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீரர்கள் வேண்டுமென்றே ஒழுங்காக ஆடாமல் அவரைக் கவிழ்த்துவிட்டார்கள் என்கிறார் உங்கள் மச்சான். அவரிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது, அவர் போனதும் அதே வீரர்கள் ஜெயித்தார்களே என்கிறீர்கள் நீங்கள். அப்புறம் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: பொதுவாகவே ஓர் அணி தோற்றால் பழி கோச்சுக்கா, வீரர்களுக்கா? அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்தால் ரனியேரி விஷயம் பாதி தெளிந்துவிடும்.

நான் பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரி, மாவட்ட அணிகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஜெயித்தபோது தோளில் தூக்கியும் இருக்கிறார்கள், தோற்றபோது அடுத்த வாரமே வேறு ஆளைத் தேடியும் இருக்கிறார்கள். ஐரோப்பிய கிளப் எதன் டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ளும் நான் நின்றதில்லை. ஆகவே மைதானத்தில் நடந்ததையும் புள்ளிப் பட்டியலையும் வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். கதவுக்கு உள்ளே நடந்ததைப் பற்றி நான் சொல்வது என் ஊகம். அது எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு காலத் தோல்வியைப் பற்றிப் பேசுகிறோம்? ஒரே ஓர் ஆட்டமா, ஒரு சீசனா, நாலைந்து வருடமா? ஒரு ஆட்டத்துக்கு உள்ளே கோச்சின் கை மிகவும் கட்டுண்டது. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் கேப்டன் ஃபீல்டை மாற்றலாம். கிளவுஸ் கொண்டு ஓடுகிற பன்னிரண்டாவது ஆள் காதில் ஒரு சேதியையும் போட்டுவிட்டு வரலாம். வாலிபாலில், கபடியில் டைம் அவுட் உண்டு. கால்பந்தில் அது கிடையாது. விசில் ஊதினால் நாற்பத்தைந்து நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கும். கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம். ஐம்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் அந்தச் சத்தம் தூரத்தில், ஓரத்தில் ஆடுகிற விங்கருக்கு எட்டாது. ஆள் மாற்றலாம், அதுவும் எண்ணி. இடைவேளையில் பதினைந்து நிமிடம் கிடைக்கும், அதில் ஐந்து நிமிடம் தண்ணீர் குடிப்பதிலேயே போய்விடும்.

2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்டே நகரில் பிரேசிலும் ஜெர்மனியும் ஆடிய உலகக் கோப்பை அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசில் 1-7 என்று தோற்றது. 11-ஆம் நிமிடத்தில் கார்னரில் ஜெர்மனியின் முல்லர் ஒரு கோல். அது எல்லா அணிக்கும் நடக்கிற விஷயம். பிறகு 23, 24, 26, 29 ஆகிய நிமிடங்களில் நான்கு கோல்கள். ஆறு நிமிடம்! அந்த ஆறு நிமிடத்தில் பிரேசில் கோச் லூயிஸ் ஃபெலிப்பே ஸ்கொலாரி என்ன செய்திருக்க முடியும்? ஓர் ஆளை வார்ம் அப் செய்யச் சொல்லி, சட்டை மாற்றி, நாலாவது நடுவரிடம் எண் கொடுத்து, பந்து வெளியே போகும்வரை காத்திருப்பதற்குள் அந்த ஆறு நிமிடம் முடிந்துவிடும். அவர் ஒன்றும் தெரியாத ஆளும் இல்லை. 2002-இல் இதே பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர்.

அப்படியானால் வீரர்கள்தான் குற்றவாளிகளா? பாதி. நான்காவது கோலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். தன் பக்கத்திலேயே பந்தை வைத்திருந்த ஃபெர்னாண்டினோவிடமிருந்து க்ரூஸ் பிடுங்கி, கெதிராவுடன் ஒரு பாஸ் மாற்றி, உள்ளே தள்ளுகிறார். அந்தத் தவறு ஃபெர்னாண்டினோவின் கால் செய்தது. பிரேசிலின் டிஃபெண்டர் தியாகோ சில்வா அந்த ஆட்டத்தில் இல்லாமல் போனதும் அவரே வாங்கிக்கொண்டது: கொலம்பியாவுடன் ஆடிய காலிறுதியில் கோல் கீப்பர் பந்தை உதைக்கப் போகும்போது குறுக்கே போய் மஞ்சள் அட்டை வாங்கினார், அது இரண்டாவது, அதனால் தடை. ஆனால் முதுகெலும்பில் அடிபட்டு நெய்மார் வெளியேறிய பிறகு அவர் இடத்தில் யாரைப் போடுவது என்பது ஸ்கொலாரியின் முடிவு. நடுக்களத்தில் இன்னோர் ஆளைப் போட்டு அடைக்காமல், விங்கரான பெர்னார்டைப் போட்டார். எதிரே ஷ்வைன்ஸ்டைகர், கெதிரா, க்ரூஸ் என்று மூன்று பேர் நடுவில் பந்தை வைத்து விளையாட, பிரேசிலுக்கு அங்கே இரண்டு பேர்தான். அந்த ஓட்டையை ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் திறந்து வைத்துவிட்டார். இடைவேளையில் பவுலின்யோவையும் ராமிரஸையும் இறக்கினார். அதற்குள் ஐந்து கோல் விழுந்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் பொறுப்பு என்னுடையது என்று ஸ்கொலாரி சொன்னார். நான் அதை மரியாதைக்குச் சொன்ன பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை, பாதிக்கு மேல் உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அது ஐந்தாகவும் ஏழாகவும் பெருகியது அவர் கணக்கு அல்ல. ஒரு கோல் வாங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் முன்னால் ஓடியது மைதானத்தில் இருந்தவர்கள் செய்தது.

இதே பிரேசில் 1950 உலகக் கோப்பையில் இதைவிடக் கொடுமையாக ஒருவர் தலையில் பழி போட்டது. ஜூலை 16, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். உருகுவேயுடன் டிரா செய்தாலே கோப்பை. 47-ஆம் நிமிடத்தில் பிரேசில் முதல் கோலும் போட்டுவிட்டது. 66-ஆம் நிமிடத்தில் உருகுவேயின் வலது விங்கர் கீஜா, பிரேசிலின் இடது பக்கம் நின்ற பிகோடேயைத் தாண்டி ஓடி உள்ளே கொடுக்க, ஸ்கியாஃபினோ கோல் போட்டார். 79-ஆம் நிமிடத்தில் கீஜா அதே பக்கம், அதே மாதிரி ஓடி வந்தார். கீப்பர் பார்போசா முன்பு நடந்ததை நினைத்து, இந்த முறையும் உள்ளே கொடுப்பார் என்று ஓரடி விலகினார். கீஜா கொடுக்கவில்லை, கீப்பருக்கும் கம்பத்துக்கும் இடையே அடித்துவிட்டார். 2-1. பார்போசா 2000-ஆம் ஆண்டு இறக்கும்வரை அந்த ஓரடிக்காகப் பிரேசில் அவரை மன்னிக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை முப்பது வருடம், நான் ஐம்பது வருடம் அனுபவிக்கிறேன் என்று அவர் வருந்திச் சொன்னது பலருக்கும் தெரியும். அவர் கறுப்பினத்தவர் என்பதும் அந்த வெறுப்பில் கலந்திருந்தது.

நான் அந்த இரண்டு கோலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். பதின்மூன்று நிமிட இடைவெளியில் ஒரே பாதையில் இரண்டு முறை. முதல் முறை கீஜா தாண்டியபோது பிகோடேவுக்குத் துணையாக யாரும் நெருங்கி வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. கீப்பர் கடைசி ஆள், அவ்வளவுதான். கோச் ஃப்ளாவியோ கோஸ்டாவுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் உலகக் கோப்பையில் ஆள் மாற்றவே அனுமதி இல்லை. அது 1970-இல்தான் வந்தது. ஆனாலும் அந்தப் பாதையை அடைப்பது கீப்பர் வேலை அல்ல.

என் தொழிலில் நான் நம்புகிற சோதனை இதுதான். ஒரே மாதிரி கோல் திரும்பத் திரும்ப விழுந்தால் முதலில் கோச்சைப் பாருங்கள். ஒவ்வொரு கோலும் ஒவ்வொரு மாதிரி விழுந்தால் வீரர்களைப் பாருங்கள், கொஞ்சம் அதிர்ஷ்டத்தையும் பாருங்கள். இது விதி அல்ல, தொடங்குவதற்கு ஓர் இடம். இதை நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன், பதினைந்து வயதுக்கு உட்பட்ட பையன்கள் அணி ஒன்றுக்கு நான் கோச். ஒரு தொடரில் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றோம். விழுந்த கோலில் முக்கால்வாசி எங்கள் லெஃப்ட் பேக் பக்கம். சின்ன உருவம், சுறுசுறுப்பான பையன். இரண்டாவது ஆட்டத்தின் இடைவேளையில் அவன் என்னிடம் வந்து, "சார், ரெண்டு பேர் வர்றாங்க சார்" என்றான். "சாக்குச் சொல்லாதே, ஒழுங்கா மார்க் பண்ணு" என்று அனுப்பினேன். மூன்றாவது ஆட்டத்தில் பாதியிலேயே வெளியே எடுத்து உட்கார வைத்தேன். அவனுக்குப் பதில் போன பையன் பக்கமும் கோல் விழுந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பையனின் அண்ணன், பள்ளி மாடியிலிருந்து மொபைலில் எடுத்த வீடியோவைக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. எதிரணியின் விங்கர் பந்தோடு வருகிறான், அவனுக்கு வெளியே அவர்களுடைய ரைட் பேக் ஓடி வருகிறான். எங்கள் பையன் இருவருக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பின்னாலேயே நகர்கிறான். எங்கள் லெஃப்ட் விங்கர் எங்கே? நடுக்கோட்டில், இடுப்பில் கை வைத்து நிற்கிறான். ஏன் நிற்கிறான்? "நீ கீழே வராதே, பந்து கிடைச்சதும் ஓடணும், மூச்சைச் சேர்த்து வை" என்று சொன்னவன் நான். மூன்று ஆட்டத்திலும் அதே படம். மறுநாள் காலை பயிற்சியில் எல்லாப் பையன்களுக்கும் முன்னால், அந்தக் கோல்கள் என் தவறு என்று சொன்னேன். அந்தப் பையன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அப்போ இனி அவன் கீழ வருவானா சார்?" எனக்கு அதற்குப் பிறகு எந்த அணி தோற்றாலும் முதலில் தோன்றுவது அந்தக் கேள்விதான். அவனுக்குத் துணைக்கு யார் வர வேண்டியிருந்தது? ஏன் வரவில்லை?

வீரர் தவறு என்று தெளிவாகச் சொல்லக்கூடியவையும் உண்டு. யாரும் நெருக்காதபோது பந்தைத் தவறவிடுவது, தேவையில்லாமல் அட்டை வாங்குவது, தன் ஆளை விட்டுவிட்டுப் பந்தையே வேடிக்கை பார்ப்பது. ஐந்து மாதம் சரியாக நடந்த ஏற்பாடு ஒருநாள் உடைந்தால், உடைத்த கால் யாருடையது என்று பார்க்கலாம். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மட்டுமே கோல் விழுகிறது என்றால் அது உடல் தகுதி. அதில் கோச்சுக்கும் பங்கு, ராத்திரி சரியாகத் தூங்காத வீரருக்கும் பங்கு.

சரி, லெஸ்டருக்கு வருவோம். இங்கே ஒரு ஆட்டத்தை வைத்துப் பேச முடியாது, வருடங்களைப் பார்க்க வேண்டும். நான்கு எண்கள் தருகிறேன்: 41, 81, 44, 47. 2014-15 தொடங்கி நான்கு சீசன்களில் லெஸ்டர் எடுத்த புள்ளிகள் இவை. முதல் சீசனில் கோச் நைஜல் பியர்சன். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடம். கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழை ஜெயித்து, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்தார்கள். இரண்டாவது, ரனியேரியின் பட்ட சீசன். மூன்றாவதில் ரனியேரியும், அவருக்குப் பின் வந்த கிரெய்க் ஷேக்ஸ்பியரும். நான்காவதில் ஷேக்ஸ்பியரும் பிறகு கிளோட் பியூயெலும். வார்டி, மஹ்ரஸ், மோர்கன், ஷ்மைக்கெல் என்று முதுகெலும்பான ஆட்கள் நான்கு சீசனிலும் இருந்தவர்கள். அந்த எண்களை மட்டும் ஒருவரிடம் காட்டி, இதில் எது விசித்திரம் என்று கேட்டால் 44-ஐக் காட்ட மாட்டார், 81-ஐத்தான் காட்டுவார். சீசன் தொடங்கும்போது அவர்கள் பட்டம் வெல்வதற்குப் பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் வைத்ததும் அதனால்தான்.

81 எப்படி வந்தது? ரனியேரியின் பங்கு பெரிது. பியர்சன் கட்டிய அணியைக் கலைக்காமல், நான்கு டிஃபெண்டர், நான்கு நடுக்கள ஆட்கள், இரண்டு முன்கள ஆட்கள் என்ற நான்கு-நான்கு-இரண்டு பழைய அமைப்பை வைத்து, பந்தை எதிரணிக்கே விட்டுக்கொடுத்து, பிடுங்கியதும் எதிரணி டிஃபெண்டர்களுக்குப் பின்னால் வார்டி ஓடத் தள்ளுகிற ஆட்டத்தைக் கூர்மையாக்கினார். அதே நேரம் அந்த வருடம் ஐரோப்பியப் போட்டி எதுவும் அவர்களுக்கு இல்லை. உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் சீக்கிரமே வெளியேறிவிட்டார்கள். பெரும்பாலும் வாரத்துக்கு ஓர் ஆட்டம். காயமும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக எங்கோலோ கான்டே. அந்த சீசனில் லீகிலேயே அதிக டாக்கிள், அதாவது எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்கும் முயற்சி, செய்தவர், 175. "நடுக்களத்தில் எங்களுக்கு மூன்று பேர், நடுவில் டிரிங்க்வாட்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கான்டே" என்று லெஸ்டரின் வீரர் தேர்வுப் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் வால்ஷ் சொன்னதில் மிகை அதிகம் இல்லை. 2016 கோடையில் கான்டே செல்சிக்குப் போனார், வால்ஷ் எவர்ட்டனுக்குப் போனார். கான்டே போன செல்சி அடுத்த சீசன் 93 புள்ளியோடு பட்டம் வென்றது. அது கான்டே ஒருவரால் மட்டும் அல்ல. புதிய கோச் அன்டோனியோ கான்டி, ஆர்சனலிடம் 0-3 என்று தோற்ற பிறகு மூன்று டிஃபெண்டர் அமைப்புக்கு மாறியதும் பெரிய காரணம். ஆனாலும் ஒரே ஆள் இரண்டு கிளப்பில் அடுத்தடுத்து பட்டம் வென்றது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே 81-இலிருந்து 44-க்கு விழுந்ததற்கு யாரையும் கூண்டில் ஏற்றத் தேவையில்லை. அது பெருமளவு அவர்கள் இயல்பான இடத்துக்குத் திரும்பியது. ஆனால் இங்கே நிறுத்திவிட்டால் ரனியேரிக்குச் சலுகை காட்டியதாகிவிடும். அவர் நீக்கப்பட்டபோது 25 ஆட்டத்தில் 21 புள்ளி. அந்த வேகத்தில் போயிருந்தால் சீசன் முடிவில் 32 வந்திருக்கும், அது கீழ் டிவிஷன். அணியின் இயல்பான நிலைக்கும் கீழே அவர்கள் விழுந்திருந்தார்கள் என்பது உறுதி. 2017 பிறந்த பிறகு லீகில் ஒரு கோல்கூடப் போட்டிருக்கவில்லை. அந்தக் கூடுதல் சரிவுக்குத்தான் காரணம் தேட வேண்டும்.

சில காரணங்கள் மைதானத்திலேயே தெரிந்தன. செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 1-4 என்று தோற்றபோது, முதல் பாதியிலேயே விழுந்த நான்கு கோலில் மூன்று கார்னரிலிருந்து வந்தவை. என் சோதனைப்படி இது கோச் பக்கம் சாய்கிறது. அந்த சீசனில் பெனால்டி பெட்டிக்குள் ஆளைப் பிடித்து இழுப்பதை நடுவர்கள் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்கள். டிஃபெண்டர்கள் ஹூத்தும் மோர்கனும் கட்டிப்பிடித்தே காத்துவந்தவர்கள். அந்த மாற்றத்துக்கு வேறு வழி கண்டுபிடித்துத் தர வேண்டியது கோச்சின் வேலை. ஜனவரியில் மூன்று டிஃபெண்டர், பிறகு வைர வடிவ நடுக்களம் என்று அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தார். செல்சியிடம் 0-3, சவுத்தாம்ப்டனிடம் 0-3. தோற்கிற அணியின் கோச் இப்படி மாற்றுவது எனக்கு நன்றாகப் புரிகிறது, நானும் செய்திருக்கிறேன். ஆனால் அணிக்கு அது போய்ச் சேருகிற விதம் வேறு: இவருக்கே வழி தெரியவில்லை என்று படும். வீரர்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. லீகில் வார்டியின் கோல்கள் 24-இலிருந்து 13-க்கும், மஹ்ரஸின் கோல்கள் 17-இலிருந்து 6-க்கும் இறங்கின. எதிரணிகள் தங்கள் டிஃபெண்டர்களுக்குப் பின்னால் வார்டிக்கு இடம் விடாமல் தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டதும் இதில் உண்டு. இதைப் பங்கு போட்டு இவ்வளவு சதவீதம் இவர் என்று சொல்ல எவராலும் முடியாது.

நீங்கள் கேட்ட 'அவர் போனதும் ஜெயித்தார்களே' என்பதை இப்போது பார்ப்போம். 2017 பிப்ரவரி 22, ஐரோப்பிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் செவில்லாவிடம் 1-2 தோல்வி, மறுநாள் நீக்கம், 27-ஆம் தேதி லிவர்பூலுடன் ஆட்டம். அதுவரை உதவிக் கோச்சாக இருந்த ஷேக்ஸ்பியர் இறக்கிய பதினொரு பேரைப் பாருங்கள்: ஷ்மைக்கெல், சிம்ப்சன், மோர்கன், ஹூத், ஃபுக்ஸ், மஹ்ரஸ், டிரிங்க்வாட்டர், ஆல்பிரைட்டன், ஒகாசாகி, வார்டி. பட்டம் வென்ற அதே பத்துப் பேர். கான்டே இடத்தில் மட்டும் ஜனவரியில் வந்த இண்டிடி. 3-1 என்று ஜெயித்தார்கள், வார்டி இரண்டு, டிரிங்க்வாட்டர் தூரத்திலிருந்து ஒன்று. தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டம் ஜெயித்தார்கள், செவில்லாவைத் திருப்பி அடித்துச் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்கும் போனார்கள். ஷேக்ஸ்பியர் செய்தது புதுமை இல்லை. பழைய வழியை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். 13 லீக் ஆட்டத்தில் 23 புள்ளி. உங்கள் வாதம் இங்கே வலுவாகத்தான் தெரிகிறது.

ஆனால் அடுத்த அத்தியாயத்தையும் படிக்க வேண்டும். ஜூனில் ஷேக்ஸ்பியருக்கு மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அக்டோபரில் எட்டு லீக் ஆட்டத்தில் ஒரே வெற்றி, 6 புள்ளி, பதினெட்டாவது இடம் என்ற நிலையில் அவரையும் நீக்கிவிட்டார்கள். அதே மனிதர், ஏறத்தாழ அதே வீரர்கள். ரனியேரி போனதால்தான் ஜெயித்தார்கள் என்றால் இந்தச் சரிவை எப்படி விளக்குவது?

இதற்கு நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வு உதவும். பாஸ் தெர் வேல் என்ற பொருளியலாளர், அந்நாட்டு லீகின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார். கோச்சை நீக்கிய அணிகள், நீக்கிய பிறகு மேலே வந்தன, உண்மைதான். ஆனால் அதே அளவு சரிந்தும் கோச்சை நீக்காத அணிகளும் கிட்டத்தட்ட அதேபோல மேலே வந்தன. அதாவது அடிமட்டத்தில் நீக்குகிறோம். அதற்குப் பிறகு வருகிற இயல்பான ஏற்றத்தை நீக்கத்தின் பலன் என்று எடுத்துக்கொள்கிறோம். இது சராசரிக் கணக்கு. எந்தத் தனி அணிக்கும் கோச் மாற்றம் உதவாது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. லெஸ்டருக்கு அது கொஞ்சம் உதவியது என்றே நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் மச்சான் சொல்வது. வீரர்கள் சதி செய்தார்கள் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. வார்டி அதைப் பொதுவில் மறுத்தார். வெளியிலிருந்து அதை நிரூபிக்கவும் முடியாது, பொய் என்று காட்டவும் முடியாது. இங்கிருந்து நான் சொல்வது ஊகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே தோற்பதற்கும் முழு மனதோடு ஆடுவதற்கும் நடுவில் பெரிய வெளி இருக்கிறது. எதிரணி டிஃபெண்டர் பந்தை வாங்கும்போது முன்னால் நிற்கிற ஆள் பாய்கிறான் என்று வையுங்கள். அவன் பாய்ந்தால் மட்டும் போதாது, பின்னால் மூன்று பேர் கூடவே ஏறி வர வேண்டும். வரவில்லை என்றால் அவன் ஓட்டம் வீண், பந்து அவனைத் தாண்டிப் போய்விடும். நாலு வாரம் தோற்ற அணியில் அவன் மனதில் ஒரு சந்தேகம் வருகிறது: நான் போனால் இவர்கள் வருவார்களா? அந்தச் சந்தேகத்தில் அரை எட்டு தாமதிக்கிறான். பின்னால் இருப்பவன் இவன் தாமதிப்பதைப் பார்த்து நின்றுவிடுகிறான். யாரும் துரோகம் செய்யவில்லை, அணி மட்டும் ஓடாமல் நின்றுவிட்டது. என் பையன்களிடமே இதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "ஓடினேனே சார்" என்று மனதாரச் சொல்வார்கள். புது ஆள் வந்து நிற்கிற முதல் நாள் அந்தச் சந்தேகம் போய்விடுகிறது. லிவர்பூல் ஆட்டத்தின் முதல் நிமிடங்களில் வார்டியும் ஒகாசாகியும் பாய்ந்ததைப் பார்த்தால் இது புரியும். 2015 டிசம்பரில் முந்தைய சீசன் சாம்பியனான செல்சி பதினாறாவது இடத்துக்குப் போனபோது, தன் உழைப்புக்குத் துரோகம் நடந்ததாக உணர்கிறேன் என்று அதன் கோச் மொரின்யோ சொன்னார். மூன்று நாளில் வேலை போயிற்று. அவர் கடைசியாகத் தோற்றது ரனியேரியின் லெஸ்டரிடம்தான். அங்கேயும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு ஏன் எப்போதும் கோச்சின் தலை மட்டும் உருள்கிறது? பிப்ரவரியில் வீரர்களை வாங்கவோ விற்கவோ முடியாது, அதற்கான காலம் ஜனவரியோடு முடிந்துவிடும். இருபத்தைந்து பேரை மாற்ற முடியாது, ஒருவரை மாற்றலாம். 2016-17 சீசனில் கடைசி இடத்தில் முடித்த சண்டர்லாந்துக்கே லீக் பணமாக 9 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. கீழே இறங்கினால் போகிற அந்தப் பணம் உரிமையாளரின் கண்முன் நிற்கும். ரனியேரியுடன் 2016 ஆகஸ்டில் போட்ட நான்கு வருட ஒப்பந்தம் அந்தக் கணக்கில் சின்னது. அவரை நீக்கியது தீர்ப்பு இல்லை, கையில் இருந்த ஒரே நெம்புகோலை அவர்கள் இழுத்தார்கள். நான் உரிமையாளராக இருந்தாலும் இழுத்திருப்பேன். சில வாரம் பொறுத்து இழுத்திருப்பேனே தவிர, தோற்று வந்த மறுநாள் செய்திருக்க மாட்டேன்.

ஆகவே உங்கள் இருவருக்கும் இடையே என்னைக் கேட்டால்: சரக்கு தீர்ந்துவிட்டது என்பதில் ஜனவரி வரை பார்த்தால் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் போனதும் ஜெயித்ததை அதற்குச் சாட்சியாக வைக்காதீர்கள், அக்டோபர் அதைக் கவிழ்த்துவிடுகிறது. சதி என்பதை உங்கள் மச்சான் விட்டுவிடலாம். மனம் விட்டுப்போனது என்று சொன்னால் நான் அவரோடு நிற்பேன். முடிந்தால் அந்த மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தின் முதல் பாதியை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். கார்னர் எடுக்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள், யாருக்குத் துணை இல்லை என்று மட்டும் பாருங்கள்.